பச்சைக் கூம்பு

கண்ணாடிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் கணவரின் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுக்கு. அந்தக் கடைக்குப் பேப்பர் படிக்கிற கண்ணாடி மாற்ற வந்தவர்தான் பேச்சு வளர்ந்து அவளைக் கட்டிக்கொண்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருந்தார். மூத்தவளை, முதல் மனைவியை, பறிகொடுத்து இரண்டு வருஷம் தானே சமைத்துத் தானே சாப்பிட்டவர். அவளுக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி யார் வரப்போகிறார்கள் என்று ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவள்.

குடிவந்த முதல் வாரமே, விடுதியில் தங்கியிருந்த மகளின் குரல் போனிலிருந்து கணீரென்று வெளியே கேட்டது. "என்னப்பா, கண்ணாடிக்காரி எழுந்தாச்சா?"

அவர் சிரித்தார். வேண்டுமென்று சிரித்தது அல்ல, வாய் தவறி வந்த சிரிப்புதான். ஆனாலும் சிரித்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. முகத்துக்கு நேரே மகள் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முறைப்படி சித்தி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் வாயில் வராமல் இருப்பதற்காக "இங்க பாருங்க" என்பாள், "கொஞ்சம் நகருங்க" என்பாள், ஒன்றும் தோன்றாவிட்டால் தொண்டையைச் செருமுவாள்.

வீட்டு முகப்பில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் ஒன்று உண்டு. சுவரிலிருந்து தெருவோரக் கம்பிவேலி வரைக்கும் மூத்தவள் வளர்த்த தோட்டம். வெட்டிச் சீவி வரிசை கட்டிய தோட்டம் இல்லை. தெரியாதவர்கள் பார்த்தால் ஆளில்லாத வீடு போலிருக்கிறது என்பார்கள். ஒரு மூலையில் பட்ட கட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள், வண்டுகள் குடியிருக்க. அகலமான மண்தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள், தேனீக்கள் மூழ்கிப்போகாமல் கல்லில் உட்கார்ந்து குடிக்க. பூச்சிமருந்து என்ற பேச்சே கிடையாது. நடுவில் இடுப்பளவுக்குக் கூம்புப்பூச் செடிகள். அந்தப் பூவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், நடுவே முள்ளம்பன்றி சுருண்டு உட்கார்ந்த மாதிரி செம்பழுப்பில் ஒரு கூம்பு, சுற்றிலும் ஊதாவும் சிவப்பும் கலந்த இதழ்கள் பாவாடை போலக் கீழே தொங்கும். கோடையில் அந்தக் கூம்பின் மேல் இடம் பிடிக்கத் தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் முட்டி மோதும். பூ காய்ந்த பிறகும் தண்டை வெட்டக் கூடாது. குளிர்காலம் முழுக்கச் சிட்டுகள் வந்து கூம்பைக் கொத்தி விதை தின்னும்.

இதெல்லாம் கண்ணாடிக்காரிக்குத் தெரியாது. வந்த வருஷம் இலையுதிர்ந்து முடிந்ததும், காய்ந்து கருத்துக் கிடந்த தண்டுகளைப் பார்த்து, நல்ல பெயர் வாங்குவோம் என்று ஒரு விடுமுறை நாள் முழுக்கக் குனிந்து வெட்டினாள். தரையைக் கூட்டி, சருகையும் தண்டையும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவளுக்கே பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வாசலில் நின்ற இடத்திலேயே கத்தினாள். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிற அளவுக்கு.

"அப்பா! எங்கம்மா வளர்த்த குருவிங்க வாயில மண்ணைப் போட்டுட்டாங்கப்பா! வீட்டைத்தான் தூக்கிக் குடுத்தாச்சு, இதையாவது விட்டு வைக்கச் சொல்லக் கூடாதா?"

தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகள் போன பிறகு, சாப்பாட்டு மேஜையில், உப்பை எடு என்கிற தொனியில் சொன்னார். "இனிமே அந்தப் பக்கம் போகாதே."

போகாதே என்றவரே அடுத்த கோடையில், "செடியெல்லாம் வாடுது, கண்ணுல படலையா?" என்றார். மகள் அதற்குள் கல்யாணமாகித் தனி வீடு போயிருந்தாள். ஆக, தண்ணீர் ஊற்றுவது இவள் வேலை. களை பிடுங்குவது, மண்தட்டைக் கழுவுவது, சாய்ந்த தண்டுக்குக் குச்சி ஊன்றுவது எல்லாம் இவள் வேலை. தோட்டம் மட்டும் இவளுடையது இல்லை. யாராவது வந்து, "எவ்வளவு பட்டாம்பூச்சி!" என்று வாயைப் பிளந்தால், "எங்கம்மா தோட்டம். இவங்க தண்ணி ஊத்தறாங்க" என்பாள் மகள்.

அந்தக் கல்யாணத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குடும்பமாக நின்று படம் எடுக்கிற நேரத்தில் கண்ணாடிக்காரியும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கணவரின் பக்கத்தில் போய் நின்றாள். மகள் தன் போனை அவள் கையில் திணித்தாள். "நீங்க எடுங்க. கண்ணாடிக் கடைதானே, உங்களுக்குத்தான் கண்ணளவு நல்லா இருக்கும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் படம் எடுத்தாள். ஒரு படம்கூட ஆடவில்லை, எல்லாம் அத்தனை தெளிவு.

குழந்தை விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் பேசும்போதே அவர் சொல்லியிருந்தார். "நமக்கு அதெல்லாம் வேண்டாம். மகளுக்கு மனசு கஷ்டப்படும்." அப்போது தலையாட்டியவள்தான். ஆட்டிய தலையைப் பிறகு எத்தனையோ முறை நொந்துகொண்டாள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செடிகள்மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. காலையில் கடைக்குக் கிளம்புமுன் கையில் டீக் கோப்பையோடு வேலியோரம் நிற்பாள். கொழுத்த தேனீ ஒன்று கூம்பை ஒரு சுற்றுச் சுற்றி, கால் முழுக்க மஞ்சள் பொடியோடு தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பறக்கும். அதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். வீட்டில் அவள் சிரித்தது அங்கே மட்டும்தான்.

ஆறாவது கோடையில் சுவரோரத்துப் பெரிய செடி பச்சையாகப் பூத்தது.

முதலில் மொட்டு விரியவில்லை என்று நினைத்தாள். ஒரு வாரம் போனது. இதழ் வரவேண்டிய இடத்தில் குட்டிக் குட்டி இலைகள். கூம்பின் தலையிலிருந்து கொத்தாக இன்னொரு பச்சைக் கொத்து முளைத்து, அதன் மேல் இன்னொன்று. பூவின் மேல் பூ ஏறி உட்கார்ந்த மாதிரி, பார்க்க ஒரு தினுசான அழகு. ஆனால் ஒரு தேனீகூட அதன் பக்கம் போகவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஒரு பூவைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, கடைவீதிக் கோடியில் இருந்த நாற்றுப்பண்ணைக்குப் போனாள். பண்ணைக்காரர் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். பையைத் திறந்து காட்டியதும் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ அக்கா, முதல்ல பையைக் கட்டுங்க! என் பண்ணைக்குள்ளயா கொண்டு வருவீங்க?"

"என்னங்க இது?"

"பச்சைப்பூ நோய். தத்துப்பூச்சி தெரியுமா, அரிசி சைஸ்ல பச்சையா, தொட்டா துள்ளுமே? அது இந்தச் செடியில சாறு குடிச்சிட்டு அடுத்த செடியில போய் உட்காரும். அதுக்கும் வந்துடும். அது குடிச்சது எல்லாத்துக்கும் வரும்."

"மருந்து?"

"மருந்து ஏது? வேரோட பிடுங்கி, பையில போட்டுக் கட்டி, தூக்கி எறியுங்க. இன்னைக்கே. ஒரு செடி போச்சுன்னு நினைச்சுக்கோங்க. விட்டீங்க, அடுத்த வருஷம் அழகு பார்க்க ஒண்ணு மிஞ்சாது." ஞாபகம் வந்தவராக, "நீங்க கண்ணாடிக் கடை அக்காதானே? என் பொண்டாட்டிக்கு நீங்கதான் பண்ணிக் குடுத்தீங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான் வந்தது: மூத்தவளின் செடியை நான் பிடுங்க வேண்டும்.

கணவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னாள். பண்ணைக்காரர் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எதுக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"செடிக்கு ஏதோ நோயாம்மா. பிடுங்கணும்னு சொல்றா."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நோயா? இதுக்குத்தான் ஆறு வருஷமா காத்திட்டிருந்தாங்களாப்பா? ஒரு செடியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நோய் வரும், பாருங்க. எங்கம்மாவுக்கும் ஒரு நோய் வந்துதான் அவங்களுக்கு இடம் கிடைச்சுது. அவங்களுக்கு நோய்னா ராசி."

கண்ணாடிக்காரி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கிறாள் என்று மகளுக்குத் தெரியும். கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

கணவர் ஷூவை ஓரமாக வைத்தார். "சரிம்மா, விடு. அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. அந்தச் செடியின் இலையை லேசாகத் தட்டினாலே தத்துப்பூச்சிகள் பொரி மாதிரி துள்ளின. அவள் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றச் சொல்லியிருந்தார்கள், ஊற்றினாள்.

கோடை முடிகிற சமயத்தில், பல வாரமாக வராத மகள் வந்தாள். மகளும் மாப்பிள்ளையும் அரைமணி நேரத் தொலைவில் வீடு வாங்கிக் குடிபோயிருந்தார்கள். அங்கே வாசலில் வெயில் கொட்டுகிற பெரிய இடம். அம்மாவின் கூம்பிலிருந்து உதிர்த்த விதைகளை இரண்டு வருஷத்துக்கு முன்பே அங்கே தூவி, முதல் வருஷம் வெறும் இலையாகக் கிடந்ததைப் பொறுத்திருந்து, இந்தக் கோடையில்தான் முதல் பூ பார்த்திருந்தாள். வீட்டு வேலை, பள்ளிக்கூட வேலை (கணக்கு டீச்சர் அவள்), அதோடு இந்தப் பூக்கள். எல்லாம் சேர்ந்து அவளை இந்தப் பக்கம் விடவில்லை.

பச்சைப் பூக்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அதற்குள் அந்தச் செடி முழுக்கப் பச்சை. வெயில் பட்டு, உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருந்தது. மகள் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு பூவை ஏந்தினாள். அழுதாள்.

"அம்மா நட்ட முதல் செடிப்பா இது. பாருங்க, இந்த மாதிரி உலகத்துலயே எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க. புதுசா பூத்திருக்கா எங்கம்மா."

கணவர் தலையாட்டினார். நோய் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த முகத்தில் எதையும் பார்த்துச் சொல்ல முடியாது.

"நான் இதை என் வீட்டுக்குக் கொண்டு போறேன். பாதி இங்க, பாதி அங்க. என் செடிங்களுக்கு நடுவுல வைக்கப் போறேன்."

அவர் போன் வந்து உள்ளே போனார். தோட்டத்தில் இரண்டு பெண்களும் மட்டும். கண்ணாடிக்காரி மண்வெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். மகள் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏதோ யோசனை ஓடியது முகத்தில்.

"அன்னைக்கு அப்பா போன்ல ஏதோ நோய்னு சொன்னாரே. இந்தச் செடியா அது?"

கண்ணாடிக்காரி மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள்.

"நான் அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். வேலை டென்ஷன். மனசுல வச்சுக்காதீங்க." மகள் ஒரு அடி கிட்டே வந்தாள். "சித்தி, உண்மையைச் சொல்லுங்க. இது நோயா?"

சித்தி. ஆறு வருஷத்தில் முதல் தடவை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கண்ணாடிக்காரி ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். ஒரே வார்த்தைதான். சொல்லியிருந்தால் ஒரு செடியோடு போயிருக்கும்.

ஆனால் அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வில்லையில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள், அதே பார்வையாகப் பார்த்தாள். செடி வேண்டும். அதற்காகச் சித்தி. செடி கிடைத்ததும் மறுபடி தொண்டையைச் செருமுவாள்.

"இல்லம்மா," என்றாள் கண்ணாடிக்காரி. குரல் அவளுக்கே தெரியாத அளவுக்கு இதமாக இருந்தது. "அது அந்தப் பக்கத்து ரோஜாவுக்கு. இலையில கரும்புள்ளி வந்துச்சு, அதைச் சொன்னேன். அப்பா மாத்திச் சொல்லிட்டார். இது நல்லாத்தான் இருக்கு. உங்கம்மா கைராசி, வேற என்ன?"

மகளின் கண் மறுபடி நிறைந்தது. கண்ணாடிக்காரியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தோண்டியது கண்ணாடிக்காரிதான். வேர் அறுபடாமல் சுற்றிலும் ஆழமாக இறக்கி, நடுவில் பிளந்து, பாதியை மண்ணோடு தூக்கினாள். இலைகளிலிருந்து தத்துப்பூச்சிகள் துள்ளின. உதறிவிட்டிருக்கலாம். அவள் ஈரச் சாக்கை மெதுவாக மேலே போர்த்தி, ஒன்றும் தப்பிவிடாதபடி கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். காரின் பின்பக்கத்தில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய பேப்பரைச் சுருட்டி அண்டக்கொடுத்தாள். "மெதுவா ஓட்டு" என்று சொல்லி அனுப்பினாள்.

வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் நின்று பார்த்தாள். நெஞ்சில் ஒன்றும் உறுத்தவில்லை. பசித்தது. உள்ளே போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

அவள் போட்ட கணக்கு தப்பாகப் போனது எங்கே என்றால், மகள் மறுபடி தொண்டையைச் செருமவில்லை.

அடுத்த ஞாயிறே போன். அப்பாவிடம் இல்லை, அவளிடம். "சித்தி, செடி பிடிச்சிடுச்சு! புது இலை விட்டிருக்கு. நீங்க கட்டிக் குடுத்த விதம்தான்." அதற்கடுத்த வாரம் சாப்பிடக் கூப்பிட்டாள். மேஜையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறினாள். தோழிகள் வந்திருந்தபோது, "இது எங்க சித்தி" என்று தோளில் கைபோட்டுச் சொன்னாள். குளிர் தொடங்கியதும், தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்கே வந்தாள். கண்ணாடிக்காரி அவள் முகத்துக்குப் பொருந்துகிற சட்டத்தைத் தேடித் தேடி எடுத்து, வில்லையைத் தேய்த்து, காதோரம் அழுத்தாமல் கொக்கியைச் சூடுகாட்டி வளைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டாள். மகள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, "அம்மாகூட எனக்கு இவ்வளவு பார்த்துச் செஞ்சதில்ல" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்த கண்ணாடிக்காரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் நின்றாள்.

இன்னும் சொல்லலாம். நோய் ஏறின செடியை இப்போது பிடுங்கினால்கூட மிச்சத்தில் கொஞ்சம் தப்பலாம். ஒவ்வொரு முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறுவாள். ஒரு மதியம் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த கூம்புகளில் சிட்டுகள் தலைகீழாகத் தொங்கி விதை கொத்திக்கொண்டிருந்தன.

"என்ன சித்தி, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. டீ சூடா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

எப்படிச் சொல்வாள்? சொன்னால் அந்தச் சொல் போய்விடும். தோளில் விழுகிற கை போய்விடும். பழிவாங்கச் சொன்ன பொய்தான் அது. இப்போது அந்தப் பொய்யின் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அதைவிட்டு எழுந்தால் மறுபடி கையில் போனை வாங்கிப் படம் எடுக்கிறவள். ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டாள். முதல் முறை மறைத்தது வெறுப்பில், இந்த முறை ஆசையில். செடிகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோடை வந்தது. மகளின் வாசலில் ஒன்றுகூட ஊதாவாகப் பூக்கவில்லை. முதல் பச்சைப் பூவுக்கு மகள் குதித்தாள், படம் எடுத்து அனுப்பினாள். பத்துப் பதினைந்து செடி பச்சையானபோது போனில் குரல் இறங்கியது. "சித்தி, எல்லாமே இப்படியே வருது. தேனீயே வரமாட்டேங்குது. வெயில் ஜாஸ்தியா?" கண்ணாடிக்காரி, "இருக்கும்மா, தண்ணி காட்டிப் பாரு" என்றாள். இந்த வீட்டிலும் அதே கதைதான். மூத்தவளின் தோட்டம் வேலி வரைக்கும் பச்சை மண்டி, கொத்துக் கொத்தாகக் கோணிக்கொண்டு நின்றது.

மகள் ஒரு பூவைப் பையில் போட்டுக்கொண்டு, கடைவீதிக் கோடியில் இருந்த அதே நாற்றுப்பண்ணைக்குப் போனாள். அந்தப் பக்கத்தில் இருப்பதே அது ஒன்றுதான்.

கடையில் கண்ணாடிக்காரி ஒரு பெரியவரின் மூக்குத்தண்டுக்குச் சட்டம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மணி ஒலித்தது. மகள் உள்ளே வந்து காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவர் முடித்துக் கிளம்புகிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எழுந்து கவுன்டருக்கு வந்தாள்.

"போன வருஷமே கண்ணாடிக் கடை அக்கா வந்து கேட்டாங்களேன்னு சொன்னார் பண்ணைக்காரர். அன்னைக்கே பிடுங்கச் சொன்னாராமே."

"ஆமா."

"நான் கேட்டேன். தோட்டத்துல நின்னு, உங்க முகத்தைப் பார்த்து."

"கேட்டே."

"சித்தின்னு கூப்பிட்டுக் கேட்டேன்."

"செடிக்காகக் கூப்பிட்டே," என்றாள் கண்ணாடிக்காரி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று தெரிந்தது.

"அன்னைக்கு அப்படித்தான்," மகள் ஒத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டேன்? ஒரு குளிர்காலம் முழுக்க என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டீங்களே. அப்போ சொல்லியிருந்தாலும் பாதி செடி பிழைச்சிருக்கும்னு சொல்றார் அவர்."

கண்ணாடிக்காரி, "விதை..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாத்தையும் குருவிங்க தின்னாச்சு. எங்கம்மா செடியில வந்தது ஒண்ணுகூட மிச்சமில்ல. ஒண்ணுகூட." மகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வில்லையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இதையாவது ஒழுங்கா பொருத்திக் குடுத்தீங்களா? இல்ல, இதுலயும் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

காத்திருந்தவர்களில் ஒருவர் தன் கையிலிருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மகள் கண்ணாடியைக் கவுன்டரில் வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதவைத் தேடித் திறந்து போனாள்.

அன்று மாலை வீட்டில் ஒரு புயலை எதிர்பார்த்துத்தான் கண்ணாடிக்காரி கதவைத் திறந்தாள். கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "அவ போன் பண்ணினா" என்றார். அவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று கேட்பார் என்று இரவுச் சாப்பாடு வரை காத்திருந்தாள். அடுத்த நாளும் காத்திருந்தாள். அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் ஆட்கள் வந்தார்கள். செடிகளை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. ரோஜாவைப் பிடுங்கினார்கள், கட்டைகளைத் தூக்கினார்கள், மண்ணைச் சமன்படுத்தினார்கள். மண்தட்டு உடைந்தது. மத்தியானம் ஜல்லியும் சிமென்ட்டும் வந்து இறங்கின.

"என்னங்க இது? ரோஜாவுக்கு ஒண்ணும் இல்லையே! எதுக்குச் சிமென்ட்?"

"வண்டி நிறுத்த." அவர் ஆட்களுக்குக் கையைக் காட்டி வேலை சொல்லிக்கொண்டே பேசினார். "டிரைவிங் ஸ்கூல் வண்டி மூணையும் எத்தனை வருஷமா தெருவுல நிறுத்தறேன்? உங்கக்கா இருந்தப்பவே கேட்டேன். விடல. அவ போனதும் மக விடல. இப்பதான் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

மூத்தவளை அவர் 'உங்கக்கா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்காரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு ஷூ கழற்றக் குனிந்தவர். விடு, அப்படியே இருக்கட்டும் என்றவர். மகள் அழுதபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவர்.

"அன்னைக்கு நான் நோய்னு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா? அவ செடியைக் கேட்டப்ப?"

"இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நினைச்சேன்," என்றார் அவர். பிறகு ஆட்களைப் பார்த்து, "வேலி ஓரத்துல இன்னும் கொஞ்சம் கனமாப் போடுங்கப்பா, சக்கரம் ஏறுற இடம்" என்றார்.

சிமென்ட் போட்டு முடிந்ததும், காலையும் மாலையும் தண்ணீர் விடும் வேலை அவளிடம் வந்தது. குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேனீக்கள் வந்தன. பழக்கம், வேறென்ன. ஈரத்தரையில் இறங்கி, இங்கேயும் அங்கேயும் நடந்து பார்த்து, எழும்பிப் போயின.

தெருவில் மகளின் கார் வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. வேலி வரைக்கும் வழவழவென்று கிடந்த சாம்பல் நிறத் தரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். புதுக் கண்ணாடி இன்னும் வாங்கவில்லை போலிருக்கிறது. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

கண்ணாடிக்காரி குழாயைக் கீழே போட்டுவிட்டு வேலியோரம் போனாள். "அம்மாடி, இது நான் இல்ல. உங்கப்பாதான்... கொஞ்சம் இறங்கி வாயேன்."

மகள் தொண்டையைச் செருமினாள்.

"நல்லா தண்ணி விடுங்க," என்றாள். "இல்லன்னா வெடிச்சிடும். அப்புறம் அதுல ஏதாவது முளைச்சிடும்."

கண்ணாடி ஏறியது. கார் போனது. கீழே கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி, இன்னும் இறுகாத சிமென்ட்டைக் குழியாக அரித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கணவரின் குரல் கேட்டது. கண்ணாடிக்காரி ஓடிப்போய்க் குழாயை எடுத்தாள்.